எழுத்துக்குள் ஒரு பொத்தான்

தொலைக்காட்சியின் ரிமோட்டை உற்றுப் பாருங்கள். வலப்புறம் நோக்கிய முக்கோணம் 'ஓடு' என்கிறது. இரு செங்குத்துக் கோடுகள் 'சற்று நில்' என்கின்றன. இவற்றைப் புரிந்துகொள்ள ஆங்கிலம் தேவையில்லை. தொடுதிரையில் இயங்கும் ரிமோட்டுக்கு இத்தகைய பொத்தான்களை நீங்களே அமைக்க விரும்புகிறீர்களா? படம் வரைய வேண்டியதில்லை. குறியீட்டு எழுத்துருவே போதும்.

கணிப்பொறிக்கு எழுத்து என்பது ஓர் எண்தான். அவ்வெண்ணுக்கு எந்த வடிவத்தைக் காட்டுவது என்பதை எழுத்துரு தீர்மானிக்கிறது. மைக்ரோசாஃப்டின் வெப்டிங்ஸ் எழுத்துருவில் 4 என்று தட்டினால் 'ஓடு' முக்கோணம் தோன்றும். அரைப்புள்ளியைத் தட்டினால் 'சற்று நில்' கோடுகள் தோன்றும். வடிவங்கள் வளைகோடுகளாகப் பதிவாகியிருப்பதால், எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு சிதையாது.

ஆனால், அந்த எழுத்துரு இல்லாத கருவியில் முக்கோணத்துக்குப் பதில் வெறும் 4 தெரியக்கூடும். இக்குழப்பத்தைத் தவிர்க்க யூனிகோடு உதவுகிறது. அதில் ஒவ்வொரு குறிக்கும் தனி எண் உண்டு. மின்விசைக் குறிகள் அதில் 2016-இல் சேர்க்கப்பட்டன.

குறியின் பொருளையும் அறிந்துகொள்ளுங்கள். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் முறைப்படி, நேர்கோடு இயக்கம். முழு வட்டம் நிறுத்தம். மேற்புறம் திறந்த வட்டத்தில் கோடு நின்றால் அது 'காத்திருப்பு' நிலை. அப்போது கருவி உறங்குகிறது. மின்சாரமோ உள்ளே விழித்திருக்கிறது! அதை முழு நிறுத்தம் என்று நம்பி உட்புறத்தைத் தொடுவது ஆபத்து. ஆகவே, காத்திருப்புக்கு உரிய பொத்தானில் முழு வட்டத்தை இடாதீர்கள்.