கால் வீங்கினால் நுளம்பு மட்டும்தானா காரணம்?

கண்டி மாவட்டத்தின் கட்டுகஸ்தோட்டையிலோ கம்பளையிலோ ஒருவருக்கு ஒற்றைக் கால் பருத்துவிட்டால், அக்கம்பக்கத்தார் யானைக்கால் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் பிழை. இலங்கையில் யானைக்கால் நோய் வேரூன்றியிருந்தது மேல், தென், வடமேல் மாகாணங்களின் 8 மாவட்டங்களில். அயல் மாவட்டமான குருநாகல் அவற்றில் அடங்கும், கண்டி அடங்காது.

அழுக்குத் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பு பரப்பும் புழுவால் வரும் நோய் அது. 2002 முதல் 2006 வரை அந்த மாவட்டங்களில் ஆண்டுக்கொருமுறை மக்களுக்குக் குளிசை கொடுத்தார்கள். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இலங்கை விடுபட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. பெரிய வெற்றிதான். ஆனாலும் புழு சிதைத்துவிட்ட நிணநீர்க் குழாய்களைச் சான்றிதழ் சரிசெய்வதில்லை. பழைய நோயாளிகளின் கால்கள் அப்படியேதான் இருக்கின்றன.

இரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீரில் ஒரு பகுதியை நிணநீர்க் குழாய்களே திரும்பக் கொண்டுசேர்க்கின்றன. நீரைத் தள்ள இதயம் போல அவற்றுக்குத் தனி உறுப்புக் கிடையாது. குழாய்ச் சுவர் தானாகச் சுருங்குவதும் தசைகள் அசைவதுமே நீரை நகர்த்துகின்றன. வழி அடைபட்டால் புரதம் கலந்த நீர் தோலுக்கடியில் தேங்கும். தொடக்கத்தில் விரலால் அழுத்தினால் குழி விழும். நாட்பட்டால் தோல் தடித்து இறுகிவிடும்.

புழு இல்லாமலும் இந்த வழி அடைபடலாம், காலில் மட்டுமல்ல, கையிலும். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை அகற்றிய பெண்களையும், அங்கே கதிர்வீச்சு பெற்றவர்களையும் கண்டியில் முதலில் நினைக்க வேண்டும். கண்டி தேசிய வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்துச் சென்றவருக்குப் பல மாதங்கள், சில வேளை ஆண்டுகள் கழித்துக்கூடக் கை வீங்கலாம். வளையல் இறுகுவது, சட்டைக் கை பிடிப்பது, கை கனப்பது ஆகியவை முதல் அறிகுறிகள். வயதாகிவிட்டது என்று அவற்றை ஒதுக்கிவிடுவதுதான் வேதனை.

தேயிலை மலையில் வேலை செய்பவர்களின் காலில் கீறலும் அட்டைக்கடியும் சாதாரணம். அந்தப் புண் வழியே கிருமி புகுந்து தோல் சிவந்து காய்ச்சல் வந்தால், ஒவ்வொரு தாக்குதலும் நிணநீர்க் குழாய்களை இன்னும் கெடுக்கும். எனவே கால்களைத் தினமும் சவர்க்காரமிட்டுக் கழுவி, விரலிடுக்கு ஈரத்தைத் துடைப்பதும் சிகிச்சையின் பகுதியே. அழுத்தக் கட்டு, பயிற்சி, காலை உயர்த்தி வைத்தல் ஆகியவை அதனுடன் சேரும். சிறுநீரைக் கூட்டும் குளிசை இந்த வீக்கத்துக்கு அதிகம் உதவாது.

இரு கால்களும் சேர்ந்து வீங்கினால் இதயம், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வலியோடு வீங்கினால், நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.