தலைக்கு மேல் சாய்ந்து நிற்கும் செங்கல்

சென்னை ஜார்ஜ் டவுனிலோ, மயிலாப்பூரிலோ, புதுச்சேரியின் பழைய தெருக்களிலோ நூறு வயதான மச்சு வீடு ஒன்றுக்குள் போக நேர்ந்தால் அண்ணாந்து பாருங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்கு உத்தரங்கள் வரிசையாகக் கிடக்கும். அவற்றுக்கு மேலே மெல்லிய செங்கற்களின் விளிம்புகள், அறையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலையை நோக்கிச் சாய்வாக ஓடும். அந்தச் செங்கல்லுக்குள் ஒரு கம்பிகூடக் கிடையாது. கட்டும்போது அடியில் பலகை முட்டுக் கொடுத்ததும் கிடையாது. ஆனாலும் மொட்டை மாடியில் தலைமுறை தலைமுறையாக வடகம் காய்ந்திருக்கிறது, கல்யாணப் பந்தி நடந்திருக்கிறது, கோடையில் குடும்பமே படுத்துறங்கியிருக்கிறது.

மெட்ராஸ் டெரஸ் என்று பொறியியல் நூல்களிலேயே ஊர்ப் பெயரோடு இடம்பிடித்த கூரை இது. 18, 19ஆம் நூற்றாண்டுச் சென்னையில் பங்களா, அலுவலகம், கிடங்கு, அக்கிரகாரத்து மாடி என்று எங்கும் இதுதான் தளம். இதைப் போட்ட கொத்தனார்களின் கைத்திறன் நம் நகரங்களின் மிகப் பெரிய தொழில்நுட்பச் சாதனைகளுள் ஒன்று என்பது என் உறுதியான எண்ணம்.

செங்கல்லிலிருந்து தொடங்குவோம். சுவர் கட்டும் செங்கல் ஏறத்தாழ மூன்று கிலோ இருக்கும். டெரஸ் செங்கல் வேறு இனம்: நீளம் சுமார் ஆறு அங்குலம், அகலம் மூன்று, கனம் ஒன்றே ஒன்று. எடை அரைக் கிலோவை ஒட்டித்தான் வரும். இந்தச் சிறுமையில்தான் சூட்சுமம் இருக்கிறது. கொத்தனார் அறையின் ஒரு மூலையில் முதல் கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்துவார். அடுத்த கல்லின் அகன்ற முகத்தில் சுண்ணாம்புக் காரையைப் பூசி, முதல் கல்லின் மேல் சற்றே சாய்த்து அழுத்துவார். காரையின் ஈரத்தைச் செங்கல் உறிஞ்சும். சில நொடிகளில் கல் கவ்விக்கொள்ளும். கனமான கல்லாக இருந்தால் நழுவி விழுந்துவிடும். மெல்லிய கல் நிற்கும். அலமாரியில் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்த புத்தகங்களைப் போல, ஒவ்வொரு வரிசையும் முந்திய வரிசையின் மேல் சாய்ந்தபடி உத்தரங்களின் இடைவெளியைக் கடந்து போகும். கொத்தனார் போட்டு முடித்த வரிசையே அடுத்த வரிசைக்குத் தாங்கு. அதனால்தான் அடிப்பலகையும் முட்டும் தேவைப்படவில்லை.

வரிசைகள் ஏன் உத்தரத்துக்கு நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் ஓடுகின்றன? உத்தரத்துக்கு இணையாக அடுக்கினால், இரண்டு உத்தரங்களுக்கு நடுவே செங்கல் இணைப்புகள் ஒரே நேர்கோட்டில் விழும். செங்கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. பாரம் ஏறினால் அந்தக் கோட்டிலேயே விரிசல் ஓடிவிடும். மூலைவாட்டில் அடுக்கும்போது ஒவ்வொரு வரிசையும் பல உத்தரங்களின் மேல் ஏறி இறங்குகிறது. விரிசலுக்கு நேர்வழி அடைபடுகிறது. இன்னொரு வசதி, வேலை தொடங்கும் மூலையில் வரிசை மிகக் குட்டையாக இருப்பது. இரண்டு மூன்று கற்களில் முதல் வரிசை முடிந்து, சுவரிலேயே பிடிப்புக் கிடைத்துவிடுகிறது.

செங்கல் அடுக்கு இறுகியபின் அதன்மேல் மூன்று அங்குலம் அளவுக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டுவார்கள். இங்கேதான் பெண்களின் உழைப்பு வருகிறது. சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து, கையில் மரக்கட்டையோடு, பாட்டின் தாளத்துக்கு நாள்கணக்கில் அந்த ஜல்லியை அடிப்பார்கள். நடுநடுவே சுண்ணாம்புத் தண்ணீர் தெளிப்பார்கள். அடித்த கட்டை தளத்தில் பதியாமல் துள்ளி எழும்பினால் பதம் வந்துவிட்டது என்று அர்த்தம். மூன்று அங்குலம் இரண்டரையாகக் குறைந்திருக்கும். உள்ளே காற்றுக்கும் நீருக்கும் அதிக இடமிருக்காது. அதன்மேல் தட்டோடுகளை இணைப்பு மாற்றி அடுக்கி, மழைநீர் ஓட வாட்டம் கொடுத்துப் பூசினால் தளம் முடிந்தது. இத்தனை நுட்பமும் கொத்தனார் பெயரில் சொல்லப்படுகிறது. மழை ஒழுகாமல் காத்தது அந்தப் பெண்களின் கை என்பதை அழுத்திச் சொல்லத்தான் வேண்டும்.

சுண்ணாம்பின் வேதியியல் தனி அழகு. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியசில் சுடும்போது கரியமில வாயு வெளியேறுகிறது. மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறிவிடும். அந்த நீற்றுச் சுண்ணாம்பு தளத்தில் கிடந்தபடி காற்றிலிருந்து மெல்ல மெல்லக் கரியமில வாயுவைத் திரும்ப வாங்கி மீண்டும் கல்லாகிறது. இதற்கு மாதங்கள் ஆகும், ஆண்டுகளும் ஆகும். செங்கல் தூள் கலந்தால் இன்னொரு வினையும் சேர்ந்து நடக்கிறது: சுட்ட மண்ணிலுள்ள சிலிகாவும் அலுமினாவும் சுண்ணாம்போடு சேர்ந்து, சிமெண்டில் உருவாவது போன்ற பொருள்களை ஈரத்திலேயே உண்டாக்குகின்றன. ரோமானியர்களும் இதே தூளைத் தொட்டிகளுக்குப் பயன்படுத்தினார்கள். நம்மூரில் இன்றைக்கும் மொட்டை மாடியில் சுர்க்கி போடுவது என்று சொல்கிறோமே, அந்தச் சுர்க்கி இதுதான்.

காரைக்குக் கடுக்காய் ஊறவைத்த நீரையும் வெல்லத்தையும் சேர்ப்பது வழக்கம். கடுக்காயின் துவர்ப்பு காரையைக் கெட்டிப்படுத்தும் என்பது கொத்தனார்களின் அனுபவம். வெல்லத்துக்கு வேதியியல் விளக்கமே உண்டு: சர்க்கரை கலந்த நீரில் சுண்ணாம்பு பல மடங்கு அதிகமாகக் கரையும், காரை இறுகுவதும் தாமதமாகும். நாள்கணக்கில் அடித்துப் பதப்படுத்த அந்தத் தாமதம் அவசியம். மெல்லிய வெடிப்பு விழுந்தால்கூட, மழைநீரில் கரைந்த சுண்ணாம்பு வெடிப்புக்குள் இறங்கி மறுபடி படிந்து, ஓரளவு தானாகவே அடைத்துக்கொள்ளும்.

இத்தனை நல்ல கூரை ஏன் கைவிடப்பட்டது? 1914இல் போர்பந்தரில் வணிக அளவில் சிமெண்ட் உற்பத்தி தொடங்கியது. அதன்பின் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் படிப்படியாகப் பரவியது. சில வாரங்களில் முழுப் பலம் பெறுவதும், மரம் வேண்டாததும், அகலமான அறைகளைத் தாண்டக்கூடியதும் ஆன பொருளோடு, நல்ல தேக்கையும் நாள்கணக்கான கையுழைப்பையும் நம்பிய தளம் போட்டியிட முடியாது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். உத்தரத்தில் ஒன்று உளுத்தது என்பதற்காக வீட்டையே இடிக்கிறார்கள். செங்கல் அடுக்கு தானாகக் கெடுவது அரிது. கெடுவது மரம், அதிலும் சுவருக்குள் புதைந்த முனை. மாடித் தண்ணீர் போகும் வழி அடைபட்டு, ஈரம் சுவர் வழியாக இறங்கி, வெளியே தெரியாமல் அந்த முனையை அரிக்கிறது. பிறகு கறையான். இன்னொரு கேடு நாமே செய்வது: ஒழுகுகிறது என்று பழைய தளத்தைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய அடுக்கைப் போடுவது. செங்கல், ஜல்லி, தட்டோடு எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ இருபது சென்டிமீட்டர் கனமுள்ள தளம், ஒரு சதுர மீட்டருக்குத் தோராயமாக முந்நூற்று நாற்பது கிலோ ஏற்கெனவே கனக்கிறது. அதற்கு மேல் சிமெண்ட் பூச்சும் தண்ணீர்த் தொட்டியும் ஏறினால் உளுத்த முனை எப்படித் தாங்கும்? கெட்டியான சிமெண்ட் பூச்சு உள்ளே இறங்கிய ஈரத்தை வெளியே விடாமல் அடைத்தும் வைக்கிறது. அரசமரக் கன்று முளைத்ததைப் பார்த்தும் பிடுங்காமல் விடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

உங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு வீடு இருந்தால், முதலில் ஒவ்வொரு உத்தரத்தின் இரண்டு முனைகளையும் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கணீரென்றால் நல்ல மரம். பொத்தென்றால் உள்ளே உளுத்திருக்கிறது. கெட்ட உத்தரத்தை மட்டும் மாற்ற முடியும். இருபுறமும் முட்டுக் கொடுத்துப் பாரத்தைத் தாங்கிக்கொண்டு, பழையதை உருவி, புதிய மரத்தையோ இரும்பு உத்தரத்தையோ நுழைத்து, செங்கல்லுக்கும் அதற்கும் நடுவே சுண்ணாம்புக் காரையை இறுக்கி அடைப்பார்கள். பழகாத பொறியாளர் தயங்கினால், இந்தத் தளத்துக்கென்றே இந்தியத் தர அமைப்பின் 2119ஆம் எண் விதித்தொகுப்பு இருப்பதை, 1980இல் அது திருத்தி வெளியிடப்பட்டதை அவரிடம் சொல்லுங்கள். எந்தச் செங்கல், என்ன கலவை, எப்படி அடுக்குவது என்பதெல்லாம் அதில் எழுதியே இருக்கிறது.