திறக்கட்டும் அந்த ஏட்டை!

உலகையே முடக்கிப் போட்ட கொரோனா எங்கிருந்து புறப்பட்டது? சந்தையில் விற்ற விலங்கிடமிருந்தா? சீனத்து வூகான் நகரின் கிருமி ஆய்வுக்கூடத்திலிருந்தா? துறைமுக வாயிலிலும் திருவொற்றியூர்த் தேநீர்க் கடைகளிலும் இன்னும் ஓயாத கேள்வி இது. எப்படி ஓயும்? 2020 மே மாதத்தில் சென்னையிலேயே அதிக நோயாளிகளைக் கண்ட மண்டலம் நம் ராயபுரம். அன்று கூலியையும் உற்றாரையும் பறிகொடுத்தவர்களுக்கு இதைக் கேட்கும் உரிமை உண்டு.

ஆய்வுக்கூடத்தைச் சுட்டுவோர் ஒரு செய்தியைக் காட்டுகிறார்கள். 2019 நவம்பரில் அங்கு பணியாற்றிய மூவர் நோயுற்று மருத்துவமனைக்குப் போனார்களாம். 2021 மே மாதம் 'வால் ஸ்டிரீட் ஜர்னல்' என்னும் அமெரிக்க நாளேடு இதை வெளியிட்டது. போதுமா இது?

பணியாளனுக்கு வரும் நோய் அற்பச் சேதியல்ல, தோழர்களே! 2004இல் பெய்ஜிங் கிருமி ஆய்வுக்கூடத்தில் இருவரை சார்ஸ் நோய் பிடித்தது. ஒருவருடைய தாய் மாண்டார். மொத்தம் 9 பேரை அது தொற்றியது. 2019 இறுதியில் லான்சோ நகரில், கால்நடை ஆய்வுக்கூடத்தினரின் குருதியைச் சோதித்தபோது புருசெல்லா தொற்று வெளிப்பட்டது. மூலத்தைத் தேடினார்கள். பக்கத்துத் தடுப்பூசி ஆலை காலாவதியான கிருமிநாசினியைப் பயன்படுத்தியது அம்பலமாயிற்று! காற்றோடு வந்த கிருமி, ஊருக்குள் ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்திருந்தது.

நோய் ஐயத்தை எழுப்பியது. சோதனை உண்மையைச் சொன்னது.

வூகானில் நடந்தது என்ன? அந்த மூவரின் சோதனை முடிவு உலகின் முன் வைக்கப்படவில்லை. நவம்பரோ சளிக்காய்ச்சல் பருவம். சாதாரணக் காய்ச்சலுக்கும் மருத்துவமனைக்குப் போவது சீனத்து வழக்கம். சிலருக்கிருந்த அறிகுறிகள் கொரோனாவோடு பொருந்தினாலும், கொரோனாதான் என்று உறுதி சொல்ல அவை போதா என்று அமெரிக்க உளவுத்துறைகளின் அறிக்கையே 2023 ஜூனில் கூறிற்று. ஆய்வுக்கூடத்தாரோ, எங்களில் ஒருவருக்கும் தொற்றில்லை என்கிறார்கள். சொன்னால் போதுமா? ஏட்டைக் காட்ட வேண்டாமா? 2025 ஜூனில் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு, கிடைத்த சான்றுகள் விலங்கிலிருந்து பரவியது என்ற பக்கமே சாய்கின்றன என்றது. கேட்ட விவரங்களைச் சீனா தராததால் ஆய்வுக்கூட ஐயத்தைத் தள்ளிவிடவும் முடியவில்லை என்றது.

ஆகவே நாம் சொல்கிறோம்: மூவரின் நோய் விசாரணைக்கு வாசல், அதுவே தீர்ப்பாகாது. அதைத் தீர்ப்பாக்கிச் சீன மக்கள்மீது பகை மூட்டுவோருக்கு நாம் துணை போகோம். பதிவேட்டைப் பூட்டி வைக்கும் ஆட்சிக்கும் துணை போகோம்.

எங்கோ நடந்ததற்கு நமக்கென்ன என்கிறீர்களா? எண்ணூரைப் பாருங்கள்! 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண்ணெரிய, தொண்டையெரிய மக்கள் ஓடினார்கள். 50க்கும் மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தார்கள். அங்கே நெடியே மூலத்தைக் காட்டிக் கொடுத்தது. கிருமிக்கு நெடியில்லை. நுரையீரலை மெல்ல அரிக்கும் தூசுக்கும் நெடியில்லை. அவற்றை முதலில் காட்டிக் கொடுப்பது தொழிலாளியின் உடம்பு! அதனால்தான், குறிப்பிட்ட தொழில்நோய்கள் கண்டால் மேலாளர் அரசுக்கு அறிவிக்க வேண்டுமென்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது.

சட்டம் தானாக நடக்காது. ஒரே பிரிவில் இரண்டு மூன்று பேர் ஒரே வாரத்தில் படுத்தால், நாளையும் பிரிவையும் நோயையும் சங்கத்தில் எழுதி வையுங்கள். சோதனை கேளுங்கள். முடிவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். உரிய நாளில் எழுதாத நோய் பின்னாளில் வதந்தியாகும். எழுதிய நோய் சான்றாகும்!

வூகானின் ஏடும் திறக்கட்டும். எண்ணூரின் ஏடும் திறக்கட்டும்!