அரை அடி இடைவெளி

வீட்டுக்குத் தளம் போட்டவர்களுக்கு அந்த நாட்கள் நினைவிருக்கும். கான்கிரீட் போட்ட மறுநாள் மேஸ்திரி தளத்தின் மேல் சின்னச் சின்னதாகப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார். கீழே சவுக்கு முட்டுகள் தோப்புபோல நிற்கும். எங்கள் வீட்டில் காலையும் மாலையும் மாடியேறி, வற்றிய பாத்தியை நிரப்புவது என் வேலை. காய வேண்டிய பொருளுக்கு எதற்குத் தண்ணீர் என்று கேட்டேன். "அது காயறது இல்ல தம்பி, குடிக்குது. குடிக்கக் குடிக்கத்தான் இறுகும்" என்றார் மேஸ்திரி.

அவர் சொன்னது வேதியியல்படியும் சரி. சிமெண்டில் இருக்கும் கால்சியம் சிலிகேட்டுகள் தண்ணீரோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத பசையாக வளர்ந்து, மணலையும் ஜல்லியையும் பிணைக்கின்றன. ஒருவகை சிலிகேட் முதல் சில நாட்களிலேயே பெரும்பகுதி வேலையை முடித்துவிடும். இன்னொன்று வாரக்கணக்கில் நிதானமாக வினைபுரியும். கான்கிரீட்டின் வலிமையை 28ஆம் நாளில் சோதிக்கும் வழக்கம் இதனால்தான்.

இவ்வளவு நாள் கேட்கும் பொருளை வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை இரவு ஒரு பாலத்தை இடித்து, திங்கட்கிழமை விடியும்முன் அதே இடத்தில் புதுப் பாலத்தின்மீது வண்டிகளை விட முடியுமா? அமெரிக்காவில் பாஸ்டனுக்கு அருகே உள்ள மெட்ஃபோர்டில் 2011இல் அதைச் செய்தார்கள். ஒன்றல்ல, பதினான்கு பாலங்கள், பத்தே வார இறுதிகளில்.

அங்கே செல்லும் 93ஆம் எண் நெடுஞ்சாலையில் இருந்த பாலங்கள் அரை நூற்றாண்டு பழையவை. அந்த ஊரில் குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவுவார்கள். உப்பில் உள்ள குளோரைடு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல இறங்கி உள்ளே இருக்கும் கம்பியை அடையும். கம்பி துருப்பிடித்தால் மெலிவது மட்டுமல்ல தொல்லை. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாதபோது கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். 2010 ஆகஸ்டில் அங்கே ஒரு பாலத்தின் மேல்தளத்தில் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்து ஓட்டையானது. நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் வண்டிகள் போகும் சாலை அது. வழக்கமான முறையில் பதினான்கையும் மாற்றினால் நான்கு ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். அத்தனை காலம் அந்தச் சாலையைக் குறுக்கி வைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

எனவே பாலத்தை வேறு இடத்தில் கட்டினார்கள். எஃகு உத்திரங்களின் மேல் கான்கிரீட் தளம் வார்த்த நீள நீளமான துண்டுகள் தொழிற்கூடத்தில் தயாராயின. அங்கே அவசரம் இல்லை. தரை மட்டமாக இருக்கும், வெயில் மழை படாது, நனைப்பதற்கு வேண்டிய நாள் கிடைக்கும். கான்கிரீட் இறுகும்போது சற்றுச் சுருங்கும். அந்தச் சுருக்கத்தில் கணிசமான பகுதி அங்கேயே முடிந்துவிடுவதால், பாலத்துக்கு வந்த பிறகு விரிசல் விட வாய்ப்புக் குறைவு. நம்மைப் பிரமிக்க வைக்கும் வேகம் இப்படி வந்ததுதான். அந்த 28 நாளை யாரும் குறைத்துவிடவில்லை. போக்குவரத்துக்குத் தொந்தரவில்லாத இடத்தில் அதைக் கழித்துவிட்டார்கள்.

சென்னையில் மெட்ரோ வேலை நடந்தபோது நள்ளிரவில் டிரெய்லர்களில் போன ராட்சதக் கான்கிரீட் துண்டுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. ஆனால் அது புதுப் பாதை. பழைய பாலத்தை மாற்றுவது அதைவிடச் சிக்கலானது என்பேன். மெட்ஃபோர்டில் பழைய தூண்களை அப்படியே வைத்துக்கொண்டார்கள். வரைபடத்தில் உள்ள அளவும் தூண் இன்று நிற்கும் அளவும் அச்சாக ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. ஒவ்வொரு தூணையும் முன்கூட்டியே அளந்து, அதற்கேற்பத் துண்டு வார்க்க வேண்டும்.

வெள்ளி இரவு ஒரு பக்கச் சாலையை மூடி, எல்லா வண்டிகளையும் மறுபக்கத்துக்குத் திருப்பிவிடுவார்கள். பழைய தளத்தை அறுத்து, இடித்து அள்ளிய பின், கிரேன்கள் புதுத் துண்டுகளை ஒவ்வொன்றாக இறக்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைத்த அவகாசம் சுமார் 55 மணி நேரம்.

துண்டுகளை இறக்கிய பிறகுதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு துண்டு இன்னும் பாலம் ஆகவில்லை. ஒரு லாரி ஏறும்போது இரண்டும் ஒன்றாகப் பாரம் தாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று அமுங்க, மற்றொன்று நிற்க, நடுவில் விரிசல் விட்டு உப்புத் தண்ணீர் இறங்கும். ஆகவே நடுவில் ஒரு இடைவெளி விட்டு, இரு ஓரங்களிலிருந்தும் நீளும் கம்பிகளை விரல்களைக் கோத்ததுபோல ஒன்றுக்கொன்று இடையில் வரச்செய்து, அங்கே மட்டும் கான்கிரீட் ஊற்றுவார்கள். மெட்ஃபோர்டில் ஊற்றியது நான்கு மணி நேரத்திலேயே வேண்டிய தொடக்க வலிமையைப் பெறும் அதிவேகக் கலவை. 28 நாளைக் குறைக்க வேண்டியிருந்தது இந்தக் குறுகலான பட்டையில் மட்டும்தான்.

அதே 2011இல் அயோவா மாநிலத்தில், கெக் கிரீக் என்ற ஓடையின் மேல் பாலம் மாற்றியவர்கள் இந்த இடைவெளிகளுக்கு வேறொரு கலவையைப் பயன்படுத்தினார்கள். அங்கே தூண்களையும் முன்வார்ப்பாகவே கொண்டுவந்து, இரண்டு வாரமளவில் வேலையை முடித்தார்கள். அந்தக் கலவையில் ஜல்லியே கிடையாது. மாவுபோன்ற மணலும் சிலிக்காத் துகளும் சிமெண்டும் ஒன்றின் இடுக்கை ஒன்று அடைக்கும். தண்ணீர் மிகக் கொஞ்சம். கூடவே, தலைமுடியைவிடத் தடித்த எஃகு இழைகள், ஒவ்வொன்றும் 13 மில்லிமீட்டர் நீளம். சாதாரணக் கான்கிரீட்டைப் போல மூன்று நான்கு மடங்கு அழுத்தம் தாங்கும்.

ஆனால் என்னைக் கவர்ந்தது அதன் பிடி. நம் ஊர்க் கட்டடங்களில் இரண்டு கம்பியை ஓவர்லாப் கொடுத்துக் கட்டும்போது, விட்டத்தைப் போல 50 மடங்கு என்று பொதுவாகக் கணக்கு வைப்பார்கள். 16 எம்.எம். கம்பிக்கு 80 சென்டிமீட்டர். அவ்வளவு நீளம் ஒன்றையொன்று தொடர்ந்தால்தான் ஒரு கம்பியின் இழுவையை, சுற்றியுள்ள கான்கிரீட் மற்றதற்குக் கடத்தும். முன்வார்ப்புத் துண்டுகளுக்கு நடுவே அந்த நீளத்துக்கு இடம் விட்டால், பாதிப் பாலத்தை அங்கேயே வார்க்க வேண்டியதாகிவிடும். இழை கலந்த இந்தக் கலவைக்குள்ளோ எட்டு, பத்து மடங்கு போதும். ஒரு சாண்கூட இல்லை. இடைவெளி அரை அடியளவில் அடங்கிவிடுகிறது.

அந்த அரை அடிக்கும் முன்தயாரிப்பு உண்டு. துண்டின் ஓரம் வழவழப்பாக இருந்தால் புதுக் கலவை பற்றாது. அதனால் வார்க்கும்போதே அச்சுப் பலகையின் ஓரத்தில், இறுகுவதைத் தாமதப்படுத்தும் மருந்தைப் பூசிவைத்து, பிறகு தண்ணீரைப் பீய்ச்சி மேல்பசையைக் கழுவி, ஜல்லி முகம் வெளியே தெரியும்படி சொரசொரப்பாக்குவார்கள். ஊற்றுவதற்கு முன் அந்த ஓரத்தை நன்றாக நனைப்பார்கள். நனைக்காமல் விட்டால் காய்ந்த பழைய கான்கிரீட், புதுக் கலவையில் இருக்கும் சொற்பத் தண்ணீரையும் உறிஞ்சிவிடும்.

இப்படி வார்த்த கலவையிலிருந்து கம்பியை இழுத்துப் பார்த்திருக்கிறார்கள் சோதனைக் கூடங்களில். கம்பி தன் தாங்கு எல்லையைத் தாண்டி நீளத் தொடங்கும்வரை, அந்த அரை அடிக் கலவை பிடியை விடவில்லை.