வாண்டுக்கு கேமரா வாங்கப் போறீங்களா?



இன்டர்ன்ஷிப் ஸ்டைபெண்ட் இப்போதுதான் கைக்கு வந்திருக்கும். அக்கா பொண்ணுக்கு அடுத்த மாதம் ஆறாவது பிறந்தநாள். "எனக்கு கேமரா வேணும்" என்று வாண்டு ஏற்கெனவே அப்ளிகேஷன் போட்டாச்சு. வீட்டில் எல்லாரும் நம்ம பக்கம் திரும்பி, "நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, நல்லதா ஒண்ணு பார்த்து வாங்கு" என்பார்கள். மெக்கானிக்கலா, சிவிலா, ஐ.டி.யா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை.

ஆன்லைனில் தேடினால் வரிசையாக வந்து நிற்கும். பூனைக்காது வைத்தது, முயல்காது வைத்தது, ரோஸ் கலர், நீலக் கலர். முன்னால் ஒரு லென்ஸ், பின்னால் செல்ஃபிக்கு ஒரு லென்ஸ், உள்ளே நாலைந்து கேம்ஸ், பெட்டி மேலே கொட்டை எழுத்தில் 48 மெகாபிக்சல். நம்ம போனுக்குச் சமமாக இருக்கே, அதுவும் இந்த விலையில் என்று கார்ட்டில் போடத் தோன்றும். ஒரு நிமிஷம் பொறுங்க.

அந்த 48 எங்கிருந்து வந்தது?

48 மெகாபிக்சல் என்றால் 8000 × 6000 புள்ளிகள். ஆனால் இந்தப் பொம்மை கேமராக்களில் இருக்கும் சென்சார் பெரும்பாலும் ஒன்றிரண்டு மெகாபிக்சல்தான். ரொம்ப மலிவானவற்றில் பழைய வெப்கேம் மாதிரி 640 × 480, அதாவது 0.3 மெகாபிக்சல் கூட இருக்கும். அப்போ மீதி? நியூமெரிக்கல் மெத்தட்ஸ் பேப்பரில் நியூட்டன், லக்ராஞ்சி என்று மனப்பாடம் செய்தோமே, அந்த இன்டர்போலேஷன்தான். தெரிந்த இரண்டு மதிப்புகளுக்கு நடுவில் தெரியாததை ஊகிப்பது. 640-ஐ 480-ஆல் பெருக்கினால் 3,07,200. 4.8 கோடியை அதால் வகுத்துப் பாருங்க, 156 வரும். சென்சார் நிஜமாகப் பார்த்த ஒரு புள்ளிக்கு, சாஃப்ட்வேர் சொந்தமாகச் சேர்த்தது 155 புள்ளி. ஃபைல் பெரிதாகும், படத்தில் புதிதாக ஒரு மயிரிழை கூடத் தெரியாது.

நியாயமாகச் சொன்னால் நல்ல கேமராவும் கொஞ்சம் ஊகிக்கத்தான் செய்கிறது. கோடாக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை வாங்கிய வண்ண வடிகட்டிதான் இன்றைக்கும் பெரும்பாலான சென்சார்கள் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டும்தான் பார்க்கும். மற்ற இரண்டும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டவை. ஆனால் மூன்றில் இரண்டை ஊகிப்பதற்கும் 156-ல் 155-ஐ ஊகிப்பதற்கும் வித்தியாசம் இருக்கு இல்லையா?

சரி, ஒரு குழந்தைக்கு எத்தனை மெகாபிக்சல் போதும்? ஸ்டூடியோவில் போடும் 6 × 4 அங்குல பிரின்ட்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில், 1800 × 1200 வேண்டும். அதாவது சுமார் 2.2 மெகாபிக்சல். நிஜமான 5 மெகாபிக்சல் இருந்தால் தாராளம். கடையில் நேரில் வாங்கினால் ஒரு செய்தித்தாளைப் படம் எடுத்து, முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்க. எழுத்துகள் தண்ணீரில் நனைந்த மாதிரி கரைந்து தெரிந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மெகாபிக்சலை விட முக்கியமானது

பெட்டியில் போடாத எண் ஒன்று இருக்கு. பட்டனை அழுத்தின பிறகு படம் விழ எவ்வளவு நேரம்? இதை ஷட்டர் லேக் என்பார்கள். நாம் பெரியவர்கள், "அசையாதீங்க, ரெடி" என்று சொல்லி நிற்க வைத்து எடுப்போம். குழந்தை எடுப்பது நாய்க்குட்டியை, ஊஞ்சலாடும் தம்பியை, தோசையைத் திருப்பிப் போடும் பாட்டியை. நாய்க்குட்டி வினாடிக்கு 2 மீட்டர் ஓடுகிறது, கேமரா அரை வினாடி தாமதிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் விழும்போது நாய் 1 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். மிஞ்சுவது வாலும் மொசைக் தரையும்தான்.

நாமாக இருந்தால் "என்னடா டப்பா கேமரா" என்று திட்டுவோம். ஆறு வயசுக் குழந்தைக்கு அது கேமராவின் குறை என்று தெரியாது. "எனக்கு எடுக்க வரல" என்று முடிவு கட்டிவிடும். நாலாம் நாள் அந்த கேமரா சொப்புச் சாமான் கூடையில் கிடக்கும், இல்லையென்றால் அதில் இருக்கும் பாம்பு கேம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கேம்ஸ் உள்ள மாடலே வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

லேக்கை அளப்பது சுலபம். லேப்டாப்பில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு, 5.00 வரும்போது பட்டனை அழுத்துங்க. படத்தில் 5.20 என்று இருந்தால் பரவாயில்லை. 5.70 என்றால் யோசிக்கணும். நம்ம விரலின் பிழையும் அதில் கலந்திருக்கும் என்பதால் பத்து தடவை எடுத்து சராசரி பாருங்க. பிசிக்ஸ் லேப் ரெக்கார்டு எழுதினவர்களுக்கு இது தெரியாததா? அப்படியே ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்றும் பார்த்துவிடுங்கள். 1975-ல் ஸ்டீவன் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் ஒரு படம் கேசட்டில் பதிய 23 வினாடி ஆனது. அவர் பொறுத்துக்கொண்டார். குழந்தை மூணு வினாடிக்கு மேல் பொறுக்காது.

இரண்டாவது, ஃபோகஸ். பொம்மை கேமராக்களில் பெரும்பாலும் ஃபோகஸ் மாறாது; ஒரே தூரத்துக்கு ஒட்டி வைத்த லென்ஸ். குவியத்தூரம் 3 மி.மீ., எஃப் எண் 2.8, பொறுத்துக்கொள்ளக்கூடிய மங்கல் 0.003 மி.மீ. என்று எடுத்துக்கொள்வோம். குவியத்தூரத்தின் வர்க்கம் 9. அதை மற்ற இரண்டின் பெருக்கத்தொகையால், அதாவது 0.0084-ஆல் வகுத்தால் சுமார் 1070 மி.மீ. லென்ஸை அந்த 1.07 மீட்டருக்கு ஒட்டி வைத்தால், அதில் பாதி தூரத்திலிருந்து, ஏறக்குறைய அரை மீட்டரிலிருந்து, கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவாக இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கு. ஆனால் குழந்தைகள் வேலை பார்ப்பதே அந்த அரை மீட்டருக்கு உள்ளேதான்! எறும்பு வரிசை, தன் கால் கட்டைவிரல், செம்பருத்திப் பூவின் உள்பக்கம், தூங்கும் தாத்தாவின் மூக்கு. எல்லாமே மங்கலாக வரும். கிட்ட வைத்து எடுக்கும் வசதி, பூப்படம் போட்ட மேக்ரோ பட்டன், இருக்கிற கேமராவாகப் பாருங்க. நான் காசு கொடுப்பதென்றால் முதலில் இதற்குத்தான் கொடுப்பேன்.

பீரோவைத் திறந்து பாருங்க

அப்போ என்னதான் வாங்குறது? என் ஓட்டு பழைய பாயின்ட் அண்ட் ஷூட்டுக்கு. 2010-ல் மட்டும் உலகம் முழுக்க 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் கம்பெனிகளிலிருந்து கிளம்பின. பிறகு ஸ்மார்ட்போன் வந்தது, எல்லாம் பீரோவுக்குள் போனது. உங்க வீட்டிலோ பெரியப்பா வீட்டிலோ கல்யாண ஆல்பத்துக்குப் பின்னால் ஒன்று தூங்கிக்கொண்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நிஜமான சென்சார், நிஜமான ஆட்டோஃபோகஸ், மேக்ரோ எல்லாம் அதில் இருக்கும். வெளியில் வாங்குவதென்றால் சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஒரு நடை போகலாம். இன்ஸ்டாகிராம் புண்ணியத்தில் பழைய டிஜிகேமுக்கு மவுசு வந்துவிட்டதால் பேரம் பேசத் தெரிந்த நண்பரைக் கூட்டிட்டுப் போங்க.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஆன் செய்ததும் ஜூம் லென்ஸ் குழாய் மாதிரி வெளியே நீளும் மாடலில் ஒரு தொல்லை உண்டு. 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் இருக்கும். அந்தக் குழாய் முதலில் அடிபட்டால் லென்ஸ் எரர், கதை முடிந்தது. உள்ளேயே பிரிஸம் வைத்து ஒளியை 90 டிகிரி திருப்பி, லென்ஸை உடம்புக்குள்ளேயே அடக்கிய மாடல்களும் உண்டு. 2002-ல் மினோல்டா டிமாஜ் எக்ஸ் கொண்டுவந்த வழி அது. ஒலிம்பஸ் டஃப், நிக்கான் கூல்பிக்ஸ் டபிள்யூ வரிசைகளும் லென்ஸ் வெளியே வராத வகைதான். அதில் டபிள்யூ 150, 1.8 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் 10 மீட்டர் ஆழத் தண்ணீருக்குள் போனாலும் தாங்கும் என்று சொல்லி விற்கப்பட்டது. அது கிடைத்தால் விடாதீங்க. ஆனால் பழையதாக வாங்கும்போது ரப்பர் சீல் காய்ந்து போயிருக்கலாம், அதை நம்பிக் கிணற்றில் இறக்க வேண்டாம்.

பேட்டரி விஷயத்தில் நான் ஏஏ செல் போடும் மாடலுக்கே சாய்வேன். கேனான் பவர்ஷாட் ஏ வரிசையில் நிறைய அப்படி இருக்கு. பெட்டிக்கடை அல்கலைன் செல் போட்டால் சீக்கிரம் படுத்துவிடும். கேமரா ஒரே மூச்சில் இழுக்கும் கரண்ட்டுக்கு அதன் உள்தடை அதிகம். ரீசார்ஜ் ஆகும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் நாலு வாங்கினால் வருஷக்கணக்கில் ஓடும். லித்தியம் பேட்டரி மாடல் என்றால் முதலில் பேட்டரியை வெளியே எடுத்து மேஜை மேல் வையுங்க. உப்பலாக இருந்து ஆடினால் அதை உபயோகிக்கவே கூடாது. சார்ஜ் போடுவது எப்போதும் பெரியவங்க வேலை.

மெமரி கார்டில் பலரும் தடுக்கி விழுவார்கள். 32 ஜி.பி. வரை போகும் எஸ்.டி.ஹெச்.சி. வகை 2006-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய கேமராவுக்கு 2 ஜி.பி. வரையிலான சாதா எஸ்.டி. கார்டுதான் புரியும், நீங்க ஆசையாகப் போடும் 64 ஜி.பி. கார்டை அது கண்டுகொள்ளாது. 2 ஜி.பி. குறைவு இல்லை, படம் 3 எம்.பி. என்றாலும் அறுநூறுக்கு மேல் எடுக்கலாம். எக்ஸ்.டி. பிக்சர் கார்டு கேட்கும் மாடலை மட்டும் தொடாதீங்க, கார்டு தேடியே வாழ்க்கை போய்விடும்.

இன்னொன்று, நம்ம கூட்டத்துக்கு மட்டும். பழுதான பழைய கேமராவைக் கழற்றிப் பார்க்கக் கை அரிக்கும். ஃபிளாஷுக்கான கபாசிட்டரில் சுமார் 300 வோல்ட் இருக்கும், பேட்டரியை எடுத்த பிறகும் தங்கியிருக்கும். மினி புராஜெக்ட் ஆசையில் விரலை வைக்காதீங்க.

பொம்மை கேமரா வேண்டவே வேண்டாமா?

மூணு, நாலு வயசு என்றால் அதுவே போதும். அந்த வயசில் கண்ணை ஒரு பக்கம் மட்டும் மூடக்கூட வராது. பெரிய பட்டன், ரப்பர் உறை, எறிந்தாலும் பரவாயில்லை என்கிற விலை, இவைதான் தேவை. வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கா பாருங்க. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். கார்டு மூடி குழந்தை நகத்தால் திறக்க முடியாதபடி இருக்கணும், ஏனென்றால் மைக்ரோ எஸ்.டி. வெறும் 15 × 11 மி.மீ.; வாய்க்குள் போட ரொம்ப வசதியான சைஸ். கழுத்துப் பட்டை இழுத்தால் தானாகக் கழன்று வரும் வகையாக இருக்கட்டும். சறுக்கு மரத்தில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்க. அப்படிக் கிடைக்காவிட்டால் கழற்றிவிட்டு மணிக்கட்டுப் பட்டை போடுங்க. ஆப் இறக்கு, அக்கவுன்ட் தொடங்கு என்று கேட்கும் வைஃபை மாடலைத் தவிர்த்துவிடலாம். குழந்தை வீட்டுக்குள் எடுக்கும் படம் யார் சர்வருக்கும் போக வேண்டிய அவசியம் இல்லை.

யூ.எஸ்.பி. சி போர்ட் உள்ள மலிவு மாடல், இரண்டு முனையிலும் சி உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாமல் இருக்கலாம். போர்ட்டில் வைக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டை மிச்சம் பிடித்திருப்பார்கள். ரிப்பேர் என்று நினைத்துத் திருப்பி அனுப்பாமல், ஒரு பக்கம் பழைய சதுர முனை உள்ள கேபிளில் போட்டுப் பாருங்க.

"பழைய போனையே கொடுத்துடலாமே?" என்று அத்தான் கேட்பார். படத்தரம் மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரி. ஆனால் போனில் கேமரா திறந்த அடுத்த நிமிஷம் ரைம்ஸ் ஓடும், அது உங்களுக்கே தெரியும்.

வாங்கியாச்சா? கொடுக்கும் முன் கார்டை ஃபார்மட் செய்து, ஃபிளாஷை அணைத்து, படத்தின் அளவை 3 மெகாபிக்சலுக்கு இறக்கி வையுங்க. முதல் வாரம் எடுத்ததில் குழந்தையே பத்துப் படம் பொறுக்கட்டும், ஸ்டூடியோவில் பிரின்ட் போட்டுக் கொடுங்க. மேஜைக்கு அடிப்பக்கமும் முழங்கால்களுமாகத்தான் இருக்கும், 110 செ.மீ. உயரத்திலிருந்து வீடு அப்படித்தான் தெரிகிறது. மங்கலாக இருக்கு என்று நீங்களாக எதையும் அழிக்காதீங்க. தேதியையும் சரியாக வைத்துவிடுங்க, இல்லையென்றால் இந்த வருஷப் பொங்கல் படமெல்லாம் 2005 ஜனவரி 1 என்று கம்ப்யூட்டரில் போய் உட்காரும்.