வரைகலை அட்டையும் மூடிய இயக்கியும்

கணினித் திரையில் எழுத்தும் படமும் தோன்றக் காண்போர் பலர். அவை எவ்வாறு தோன்றுகின்றன என எண்ணிப் பார்ப்போர் சிலரே. அப்பணியைச் செய்வது வரைகலை அட்டை என்னும் உறுப்பாகும். அவ்வட்டைக்கும், லினக்ஸ் அமைப்பின் உட்கருவாகிய கெர்னலுக்கும் இடையே நின்று பேசும் மென்பொருளை இயக்கி என்பர். தோட்டத்தில் துரையின் ஆங்கிலத்தைத் தொழிலாளர்க்கும், தொழிலாளரின் தமிழைத் துரைக்கும் எடுத்துரைத்த கிராணியாரைப் பழைய தலைமுறையினர் அறிவர். இயக்கியின் வேலையும் அதுவே.

இன்டெல், ஏஎம்டி அட்டைகளுக்கான இயக்கிகள் கெர்னலுடனேயே வருகின்றன. அவற்றின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். ஆகவே அவ்வட்டை உடையோர் பெரும்பாலும் எதையும் தேடி நிறுவ வேண்டுவதில்லை. என்விடியாவின் வழி வேறு. அதன் இயக்கியின் பெரும்பகுதி மூலநிரலின்றி, முடிந்த வடிவிலேயே தரப்பட்டு வந்தது. செக்ரோலை எவர்க்கும் காட்டாத கிராணியார் எனலாம். ஆர்வலர் சிலர் அட்டையின் நடத்தையை உற்று நோக்கி, 'நூவோ' என்னும் திறந்த இயக்கியை ஆக்கினர். 2010-இல் அது கெர்னலில் சேர்ந்தது. ஆயினும் 2014-இன் பிற்பகுதியில் வந்த அட்டைகள், நிறுவனத்தின் கையொப்பம் பெற்ற உள்மென்பொருள் இன்றித் தம் முழு வேகத்தை எட்டா. 2022-இல் நிறுவனம் தன் புதிய அட்டைகளுக்குக் கெர்னலைச் சேர்ந்த பகுதியின் மூலநிரலை வெளியிட்டது. மேலுள்ள நூலகங்கள் மூடியே இருக்கின்றன.

நிற்க. 2023-இல் எங்கள் பள்ளிக்கு ஒரு பழைய கணினி கிடைத்தது. அதில் உபுண்டு அமைப்பை ஏற்றினேன். அட்டை ஜிடி 710. நிறுவனத்தின் தளத்திலிருந்து இயக்கிக் கோப்பை நேரே இறக்கி நிறுவினேன். படம் பளிச்சென வந்தது. மூன்று வாரம் சென்றபின் அமைப்பு தன்னைப் புதுப்பித்துக் கொண்டது. மறுநாள் காலை திரை கறுத்துக் கிடந்தது. ஆறாம் ஆண்டு மாணவர் முன் நான் நின்ற நிலையை விவரிக்க வேண்டுவதில்லை. பிழை என்னுடையதே.

காரணம் யாது? கெர்னலின் உள்ளமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும். மாறாதென அதனை ஆக்குவோர் உறுதி கூறுவதில்லை. எனவே ஒரு கெர்னலுக்கென ஆக்கிய இயக்கிக் கூறு மற்றொன்றில் ஏறாது. துரை மாறியதும் பழைய கிராணியாரை வாயிலிலேயே நிறுத்திவிட்டார்! நான் நிறுவியபோதே நூவோவும் முடக்கப்பட்டிருந்தமையால், பேசுவதற்கு எவருமில்லை.

தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்து உள்ளே சென்றேன். நேரே நிறுவியதை நீக்கிவிட்டு, உபுண்டுவிலேயே உள்ள 'அடிஷனல் டிரைவர்ஸ்' என்னும் பகுதியில் அது பரிந்துரைத்த 470 வரிசையைத் தேர்ந்தேன். இவ்வழியில் வரும் இயக்கி, கெர்னல் மாறுந்தோறும் அதற்கேற்ற கூறுடன் சேர்ந்து வரும். அல்லது 'டிகேஎம்எஸ்' என்னும் கருவி அதனைக் கணினியிலேயே மறுபடி ஆக்கித் தரும். முதலிலேயே இவ்வழியில் சென்றிருக்கலாம்.

இன்னொரு தடையும் உண்டு. 'செக்யூர் பூட்' என்னும் காவல் உள்ள கணினி, நம்பத்தக்க கையொப்பமில்லாத கூற்றை உள்ளே விடாது. அதனால் நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லை அமைக்கும்படி கேட்கப்படலாம். கணினி மறுபடி தொடங்குகையில் தோன்றும் நீலத் திரையில் 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்து, அதே சொல்லை இடவேண்டும். நீலத் திரையைக் கண்டு அஞ்சி அதனைக் கடந்துவிட்டு, இயக்கி வேலை செய்யவில்லை என்று முறையிடுவோர் உளர்.

470 வரிசைக்கு நிறுவனம் தந்த ஆதரவு 2024-இல் முடிந்தது. ஆகவே அக்கணினியை மீண்டும் நூவோவுக்கே மாற்றிவிட்டேன். தட்டச்சும் கணிதப் பாடமும் தடையின்றி நடைபெறுகின்றன. முப்பரிமாண உருவங்கள் மட்டும் சற்று மெதுவாகச் சுழல்கின்றன.