ஜமெய்க்காவின் டாக்ஸிக்காரர்களும் கைப்பேசிக் கம்பெனிகளும்

தறி தன்னுடையதாயிருந்தும் கூலியைப் பிறர் நிர்ணயிக்கும் நிலை எத்தகையது என்பதை நம் நெசவாள அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நூலைத் தாமே கொடுத்து, துணியையும் தாமே வாங்கிக்கொண்டு, கூலியையும் தாமே தீர்மானித்துவந்த மாஸ்டர் வீவர்களின் பிடியிலிருந்து விடுபடுவதற்காகவே நம் சங்கங்களுள் பல தோன்றின. அதே பிரச்சினை வேறொரு வேடம் பூண்டு, மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றாகிய ஜமெய்க்காவில், வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்போரிடையே எழுந்திருக்கிறது. அங்கே ஒரு கூட்டுறவு ஸ்தாபனமும் இதில் சம்பந்தப்பட்டிருப்பதால், விஷயத்தை அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம் என்று கருதுகிறோம்.

ஜமெய்க்கா சுமார் 11,000 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள சிறிய தீவு. ஜனத்தொகை முப்பது லட்சத்துக்கும் குறைவு. 1962இல் பிரிட்டிஷாரிடமிருந்து சுதந்தரம் பெற்றது. நம் நாட்டைப் போலவே அங்கும் வண்டிகள் சாலையின் இடப்பக்கமாகவே ஓடுகின்றன. ஆகவே ஜப்பானில் ஓடிக் கழிந்த கார்களை வாங்கி இறக்குமதி செய்துகொள்வது அவர்களுக்கு எளிதாயிருக்கிறது. டொயோட்டா கம்பெனியின் ப்ரோபாக்ஸ் என்னும் சரக்குப் பெட்டி போன்ற கார்தான் அங்கே டாக்ஸிக்காரரின் தறி என்று சொல்லலாம்.

தலைநகரான கிங்ஸ்டனில் 1953 முதல் ஜமெய்க்கா ஆம்னிபஸ் சர்வீஸ் என்ற கம்பெனி பஸ்களை நடத்தி வந்தது. 1974இல் அது சர்க்கார் வசமாயிற்று. நஷ்டம் தாங்காமல் 1983இல் மூடப்பட்டது. பஸ் இல்லாத ஊரில் ஜனங்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருக்க முடியுமா? தனி நபர்களின் மினி பஸ்களும் கார்களும் அந்த இடத்தை நிரப்பின. 1998இல் சர்க்கார் மறுபடியும் ஒரு நகரப் பஸ் கம்பெனியை ஏற்படுத்திய பிறகும், இடையில் வேரூன்றிவிட்ட டாக்ஸித் தொழில் போய்விடவில்லை. இன்று கிங்ஸ்டனில் ஹாப் வே ட்ரீ சந்திப்பில் நின்றால், பாப்பீன், ஸ்பானிஷ் டவுன் என்று ஊர்ப் பெயரைக் கூவிக் கூவி ஆள் ஏற்றுவோரைக் காணலாம். இவை 'ரூட் டாக்ஸி' எனப்படும். நம் ஊர்ப் ஷேர் ஆட்டோவைப் போல, குறித்த ஒரு தடத்தில் நாலைந்து பேரைச் சேர்த்து ஏற்றிக்கொண்டு போய்வருபவை. தடத்துக்குரிய கட்டணத்தைச் சர்க்கார் நிர்ணயிக்கிறது. இவையன்றி, தனியாக அமர்த்திக்கொள்ளும் டாக்ஸிகளும், விமான நிலையத்திலும் ஹோட்டல்களிலும் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றும் வண்டிகளும் உண்டு.

இவ்வண்டிகள் அனைத்துக்கும் சிவப்பு எண் பலகை இருக்க வேண்டும் என்பது சட்டம். சொந்தக் கார்களுக்கு வெள்ளைப் பலகை. பலகையின் நிறம் சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அச்சிவப்பு நிறத்துக்கு டாக்ஸிக்காரர் கொடுக்கும் விலை கொஞ்சமன்று. போக்குவரத்து ஆணையத்திடம் லைசென்ஸ் பெற வேண்டும். ஓட்டுபவர் தமக்கென்று தனி அடையாள வில்லை வாங்க வேண்டும். வண்டியைப் பரிசோதனைக்குக் காட்ட வேண்டும். கூலிக்கு ஆள் ஏற்றும் வண்டிக்கென்றே உள்ள, கூடுதல் தொகையுள்ள இன்ஷியூரன்ஸ் கட்ட வேண்டும். இவையெல்லாம் செய்தும் கட்டணத்தை இஷ்டப்படி உயர்த்த முடியாது. 2023 அக்டோபரில் நூற்றுக்கு 19 உயர்த்துவதற்குச் சர்க்கார் இசைந்தது. அடுத்த ஏப்ரலில் தருவதாகச் சொன்ன 16 சதவீதம், விலைவாசி ஏறிவிடும் என்ற காரணத்தால் நிறுத்திவைக்கப்பட்டது. பெட்ரோலும் டயரும் அப்படிக் காத்திருக்கவில்லை.

சட்டத்துக்குப் புறம்பாக, வெள்ளைப் பலகையோடு கூலிக்கு ஓடும் கார்களும் நெடுங்காலமாகவே உண்டு. 'ரோபோ' என்று அவற்றுக்குப் பெயர். போலீஸார் பிடிப்பதும், அபராதம் கட்டுவதும், மறுநாள் மீண்டும் ஓட்டுவதும் அங்கே வழக்கமாகிவிட்ட சங்கதி.

இந்த நிலையில்தான் கைப்பேசிக் கம்பெனிகள் வந்து சேர்ந்தன. அமெரிக்காவின் உபர் கம்பெனி 2021இல் கிங்ஸ்டனில் தொழில் தொடங்கியது. ரஷ்யாவில் தோன்றிய இன்டிரைவ் என்பதும் அங்கே பரவியது. இக்கம்பெனிகளுக்கு ஜமெய்க்காவில் சொந்தமாகக் கார் இல்லை. ஓட்டுநரும் அவர்களுடைய சிப்பந்தியல்லர். இருப்பது ஒரு செயலி மட்டுமே. பிரயாணி தன் கைப்பேசியில் இருக்குமிடத்தையும் போகுமிடத்தையும் குறிப்பிடுகிறார். பக்கத்தில் உள்ள ஓட்டுநரின் கைப்பேசிக்கு அது போய்ச் சேருகிறது. இருவரையும் சேர்த்துவைத்ததற்காகக் கம்பெனி கமிஷன் எடுத்துக்கொள்கிறது. சுருங்கச் சொன்னால் தரகுத் தொழில். நம் விவசாய அங்கத்தினர்கள் கமிஷன் மண்டியில் பார்க்காத வித்தை இதில் ஒன்றுமில்லை. மண்டித் தரகர் இரண்டு ஊருக்குத் தரகர். இவரோ பல தேசங்களுக்குத் தரகர் என்பதே வித்தியாசம்.

இன்டிரைவின் பிறப்பு வரலாறு கூட்டுறவாளர்கள் கவனிக்கத்தக்கது. சைபீரியாவிலுள்ள யாகுத்ஸ்க் என்னும் ஊர் உலகிலேயே மிகக் குளிர்ந்த நகரங்களில் ஒன்று. 2012இல், பனி உறையும் குளிர்காலத்தில், அவ்வூர் டாக்ஸிக் கம்பெனிகள் கட்டணத்தை ஒரேயடியாக ஏற்றிவிட்டன. சினங்கொண்ட ஊரார், 'சுதந்திர ஓட்டுநர்கள்' என்ற பெயரில் இணையத்தில் ஒரு குழு கூட்டினார்கள். போக வேண்டிய இடத்தையும் தரக்கூடிய தொகையையும் பிரயாணி எழுதுவார். இஷ்டப்பட்ட கார்க்காரர் வந்து ஏற்றிக்கொள்வார். தரகரே இல்லை! நுகர்வோர் தாமாகக் கூடிச் செய்த காரியம் இதைவிடச் சிறப்பாக இருக்க முடியாது. ஆனால் அக்குழு சங்கமாகப் பதிவு செய்யப்படவில்லை; பங்கு, அங்கத்தினர், மகாசபை என்று எதுவும் அதற்கு இல்லை. சீக்கிரத்திலேயே அது ஒரு தொழில் ஸ்தாபனத்தின் கைக்குப் போயிற்று. இன்று அதன் தலைமை அலுவலகம் கலிபோர்னியாவில் இருக்கிறது. ஊரார் கூடி வெட்டிய கிணறு ஒருவருடைய பட்டாவில் ஏறிய கதைதான்.

இன்டிரைவின் முறையில் இன்றும் விலையைப் பிரயாணியே முதலில் சொல்கிறார். ஓட்டுநர் சம்மதிக்கலாம், கூடுதலாகக் கேட்கவும் செய்யலாம். கமிஷன் குறைவு என்று கம்பெனி பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். ஆனால் அதே அழைப்புக்குப் பக்கத்தில் இன்னும் நாலு கார்கள் காத்திருக்கும்போது யாருக்குச் சவாரி கிடைக்கும்? குறைத்துக் கேட்பவருக்கே. சந்தையில் கத்தரிக்காய்க் கூடையை மாலைவரை வைத்திருக்க முடியாத விவசாயி என்ன விலைக்கு விற்கிறார் என்பது நமக்குத் தெரியும். உபரின் முறை வேறு. அங்கே விலையைக் கம்பெனியே தீர்மானிக்கும். கூட்டம் மிகுந்த நேரத்தில் ஏற்றும், குறைந்த நேரத்தில் இறக்கும். இரண்டிலுமே, தொழில் செய்பவர் கூடிப் பேசி விலை வைப்பதற்கு இடமில்லை.

ஓட்டுநரின் வருமானத்தை ஒரு மாதிரிக் கணக்கால் விளக்குவோம். இத்தொகைகள் உதாரணத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. 1,000 ஜமெய்க்க டாலருக்கு ஒரு சவாரி. கம்பெனி நூற்றுக்கு 25 எடுத்தால் கையில் வருவது 750. பெட்ரோல் 300. திரும்பி வருகையில் சவாரி கிடைக்காமல் காலியாக வந்தால் பெட்ரோல் மேலும் 150. மீதி 300. கார் வாங்கிய கடனுக்கு வட்டி, டயர் தேய்மானம், இன்ஷியூரன்ஸ் ஆகியவற்றில் இந்தச் சவாரியின் பங்காக 200 வைத்தால், உழைப்புக்கு மிஞ்சுவது 100. ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிவதோ 750. அன்று மாலை அவர் தம்மை 750 சம்பாதித்தவராகவே எண்ணிக்கொள்கிறார். அச்சும் பண்ணையும் தேய்வதைக் கூலிக் கணக்கில் சேர்க்காத நெசவாளி, தறி பழுதாகும் நாளில்தான் திகைக்கிறார். சிவப்புப் பலகைக்காரர் இன்ஷியூரன்ஸையும் லைசென்ஸையும் முன்கூட்டியே கட்டியாக வேண்டியவர். அச்செலவு இல்லாத வெள்ளைப் பலகைக் கார் அதே செயலியில் ஓடினால், குறைந்த கட்டணத்துக்கு அது இணங்கும். தாங்கள் சட்டப்படி நடப்பதே தங்களுக்குத் தண்டனையாகிவிட்டது என்பதுதான் லைசென்ஸ் பெற்றவர்களின் முறையீடு. இதில் நியாயம் இருக்கிறது என்றே நாம் கருதுகிறோம்.

நிற்க. பிரயாணியின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஜமெய்க்காவின் டாக்ஸிகளில் மீட்டர் வைத்து ஓட்டும் பழக்கம் இல்லை. தனி டாக்ஸி அமர்த்துபவர் பேரம் பேசித்தான் ஏற வேண்டும். புதியவர் என்று தெரிந்தால் தொகை இரட்டிக்கும். ரூட் டாக்ஸியிலோ நாலு பேர் உட்காருமிடத்தில் ஐவர், அறுவர். தடத்தை விட்டு வீட்டு வாசலுக்கு அது வராது. செயலியில் தொகை முன்கூட்டியே தெரிகிறது. ஓட்டுநரின் பெயரும் வண்டி எண்ணும் தெரிகின்றன. வாசலில் வந்து நிற்கிறது. இரவில் வேலை முடிந்து தனியாகத் திரும்பும் பெண்ணுக்கு இது பெரிய ஆறுதல். அவரைத் தேசத் துரோகி போலப் பேசும் டாக்ஸிக்காரர்கள் தங்கள் கட்சியைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள். சங்கத் துணி சாயம் போகுமானால், வாங்குபவர் வேறு கடைக்குத்தான் போவார். கூட்டுறவு உணர்ச்சி இல்லாதவர் என்று அவரைக் கடிந்து பயன் என்ன?

அந்த ஆறுதலும் முழுமையானதன்று என்பது 2024இன் தொடக்கத்தில் வெளிப்பட்டது. ஒரு பெண் கொலையுண்டார்; இன்டிரைவ் வழியாக அவர் அமர்த்திய பயணத்தோடு அக்கொலை தொடர்புபடுத்தப்பட்டது. நாடே கொதித்தது. அக்கம்பெனி ஓராண்டுக் காலம் இயங்கக் கூடாது என்று சர்க்கார் தடை விதித்தது. கைப்பேசியில் தெரியும் பெயரையும் படத்தையும் சரிபார்த்தவர் யார், தவறு நேர்ந்தால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்ற கேள்விகள் அப்போதுதான் உரக்கக் கேட்கப்பட்டன. வில்லையும் லைசென்ஸும் வெறும் கட்டணக் கொள்ளை என்று அதுவரை ஏளனம் செய்தவர்களும், அவற்றின் பின்னால் ஒரு பதிவேடு இருக்கிறது என்பதை உணர்ந்திருப்பார்கள். மற்றொரு மேற்கிந்தியத் தீவான டிரினிடாடில் நடந்தது வேறு வகை. அங்கே வாடகைக் காரின் எண் 'எச்' என்ற எழுத்தில் தொடங்க வேண்டும்; 'பி' எழுத்துச் சொந்தக் கார்கள் கூலிக்கு ஓடுவது குற்றம் என்று சர்க்கார் உறுதியாகக் கூறிற்று. உபர் 2018இல் அத்தீவை விட்டு வெளியேறியது. அதனால் சட்டத்துக்குப் புறம்பான கார்கள் டிரினிடாடில் ஒழிந்துவிட்டன என்று யாரும் எண்ண வேண்டாம். அவை உபர் வருவதற்கு முன்பும் இருந்தவை.

ஜமெய்க்காவில் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றும் தொழில் பெரும்பாலும் மூன்று அமைப்புகளின் கையில் இருந்து வந்திருக்கிறது. பெரியது ஜூட்டா எனப்படும் பயணத் தொழிலாளர் சங்கம். மற்றொன்று மேக்ஸி. மூன்றாவது ஜேகால்; ஜமெய்க்கா கூட்டுறவு ஆட்டோமொபைல் மற்றும் லிமோசின் டூர்ஸ் என்பது அதன் முழுப் பெயர். கூட்டுறவு என்ற சொல்லைப் பெயரிலேயே தாங்கிய சங்கம்! வண்டி அங்கத்தினருடையது, விமான நிலையத்திலும் ஹோட்டலிலும் சவாரி ஏற்பாடு சங்கத்தினுடையது. மான்டிகோ பே போன்ற கடற்கரை ஊர்களில் இதனால் பல குடும்பங்கள் பிழைத்து வந்தன. ஆனால் இவ்வேற்பாட்டின் பலம், ஹோட்டல் வாசலில் நிற்கும் உரிமையைச் சார்ந்தது. விமானத்திலிருந்து இறங்கும்போதே பிரயாணியின் கையில் உபர் இருந்தால், வாசல் உரிமைக்கு மதிப்புக் குறைகிறது. அந்தப் பிரயாணியைத் தேடிப்போகும் வழி சங்கத்துக்கும் இருந்தாக வேண்டும். வாசலைக் காவல் காப்பது மட்டும் போதாது என்பது நம் அபிப்பிராயம்.

நாட்டுப்புறத்தின் கதை வேறு. மலைச் சரிவுகளில் கிழங்கும் வாழையும் பயிரிடும் சிறு விவசாயிகளிடம் விளைபொருளை வாங்கி, கிங்ஸ்டனின் காரனேஷன் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் விற்பவர்கள் 'ஹிக்ளர்' எனப்படும் பெண் வியாபாரிகள். மூட்டையோடு ஏறும் அவர்களைத் தரகுக் கம்பெனிகள் தேடி வருவதில்லை. கைப்பேசியில் அழைப்போர் நெருக்கமாக வாழும் நகரத்தில்தான் அத்தொழிலுக்கு லாபம். நகரச் சவாரியின் வருமானம் குறைந்து டாக்ஸிக்காரர்கள் தொழிலை விட்டுப் போனால், லாபம் குறைந்த மலைத் தடங்களுக்கே முதலில் வண்டி இல்லாமற்போகும்.

செயலியை ஓட்டுநர்களே கூட்டாக நடத்த முடியாதா? நியூயார்க்கில் 2021இல் 'ஓட்டுநர்கள் கூட்டுறவு' என்ற சங்கம் அம்முயற்சியில் இறங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான கென் லூயிஸ், கிரெனடா என்னும் கரீபியத் தீவிலிருந்து குடியேறிக் கார் ஓட்டியவர். சவாரித் தொகையில் நூற்றுக்கு 15 மட்டும் சங்கச் செலவுக்கு எடுப்பது, ஓட்டுநருக்குப் பங்கும் ஓட்டும் தருவது என்பது ஏற்பாடு. ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். செயலியை எழுதுவதைக் காட்டிலும், பிரயாணிகளை அதற்குப் பழக்குவதே கடினமாயிருந்தது. 2019இல் பங்குச் சந்தைக்கு வந்த உபர், ஆண்டு முழுவதற்குமான செயல்பாட்டு லாபத்தை முதன்முறையாகக் காட்டியது 2023இல்தான். அதுவரை முதலீட்டாளர்களின் பணத்தைக் கொண்டே சவாரியை மலிவாகக் கொடுத்துத் தாக்குப்பிடித்தது. ஓட்டுநர்களின் பங்குத் தொகை அவ்வளவு காலம் நஷ்டம் தாங்காது. நம் நாட்டிலும் கூட்டுறவு டாக்ஸித் திட்டம் ஒன்றை மத்தியக் கூட்டுறவு அமைச்சர் 2025 மார்ச்சில் மக்களவையில் அறிவித்தார்.

ஜமெய்க்காவோ சிறிய தீவு. கிங்ஸ்டன், மான்டிகோ பே என்று இரண்டு மூன்று ஊர்களைப் பிடித்தால் தொழிலின் பெரும்பகுதியும் அடங்கிவிடும். லைசென்ஸ் பெற்ற ஓட்டுநர்களின் பதிவேடு ஏற்கெனவே போக்குவரத்து ஆணையத்திடம் இருக்கிறது. சிவப்புப் பலகை இல்லாத கார் எந்தச் செயலியிலும் ஓடலாகாது என்ற விதியை உண்மையாகவே நடைமுறைக்குக் கொண்டுவந்து, அப்பதிவேட்டிலிருந்தே சங்கங்கள் தங்கள் செயலிக்கு ஆள் சேர்க்க அனுமதித்தால், நியூயார்க்கைக் காட்டிலும் அங்கே வேலை சுலபம்.